போகச் சொல்கிறான்

வேலாயி வருடத்துக்கு ஒரு தரம்தான் வருவாள். போரில் காணாமல் போன படைவீரர்களுக்காகக் கண்டிக்கு வெளியே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. அங்கே ஆண்டு வைபவம் முடிந்த அடுத்த வாரம், தான் குடியிருக்கும் மஹியாவயில் மாத்தளை பஸ் ஏறி அக்குறணையில் இறங்குவாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் ஏற்றப் பாதையில் இரண்டு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிரிகேடியர் ஹாஷிமின் வீட்டு வாசலுக்கு வந்து சேருவாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும்.

"சேர், ஏதும் தகவல் உண்டுங்களா?"

"இன்னும் இல்லம்மா."

அவ்வளவுதான் பேச்சு. கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பாள், அவர் மனைவி சித்தி றலியாவிடம் பேரப்பிள்ளைகளை விசாரிப்பாள், போய்விடுவாள். ஹாஷிம் மேஜராக இருந்த காலத்தில் முகாம் வாசலில் காத்துக்கிடந்து கேட்டாள். கேணலாகிக் கொழும்பில் இருந்தபோது அங்கேயும் ஒரு தரம் ரயில் ஏறி வந்தாள். ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்த பிறகு இந்த வீட்டுக்கு வருகிறாள். கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. இருபத்துநான்கு வருடம் இப்படிப் போய்விட்டது.

அந்த வருடம் மட்டும் அவள் ஆடி மாதத்தில், யாரும் எதிர்பாராத ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள்.

"இஞ்ச பாருங்க, வேலாயி அம்மா வந்தீக்கிறாங்க," என்றாள் சித்தி றலியா, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கணவனிடம். "ஏத்தம் ஏறினதுல மூச்சு விட ஏலாம வாசல்லயே குந்திட்டாங்க. உள்ளுக்குக் கூட்டி வந்து கதிரைல இருத்தீக்கிறேன்."

ஹாஷிம் முன்னறைக்கு வந்தபோது அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார். எழுபத்தாறு வயது. கண்டி நகரத் தெருக்களை முப்பது வருடம் கூட்டிய உடம்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. கணுக்கால்கள் வீங்கியிருந்தன. இந்த முறை வாழைப்பழம் இல்லை.

"என்னம்மா இந்த நேரத்துல? சுகமில்லையா?"

"பெரியாஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்தாங்க சேர். நெஞ்சுக்குள்ள ஏதோ வால்வு பழுதாம். இந்த வயசுக்கு ஒப்பரேசன் தாங்காதுன்னுட்டாங்க." பஸ் பிந்தியதைச் சொல்வதுபோலத்தான் இதைச் சொன்னாள். "அத வுடுங்க. ஒன்னே ஒன்னு கேக்கணும்னு வந்தேன்."

"கேளுங்க."

"அடுத்த நாயித்துக்கெழம ஆடி அமாவாச. எங்க வீட்டுக்காரருக்கு வருசா வருசம் கெட்டம்பே ஆத்துல மருமகன் கையால எள்ளுத்தண்ணி எறைக்கிறோம். ஐயரு கடைசியில கேப்பாரு, 'இன்னும் யாரு பேராச்சும் இருக்கா'ன்னு. நான் இல்லன்னு சொல்லிடுவேன். சேர், உசுரோட இருக்குற புள்ளைக்கு எறைச்சா பாவம். செத்துப்போன புள்ளைக்கு எறைக்காம வுட்டா அதுவும் பாவம். நான் இருக்குற வரைக்கும் மருமகன இழுத்துக்கிட்டாவது போறேன். நான் போயிட்டா அவனுக்குன்னு யாரு போவா?" சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. இந்த வருசம் சுதேசு பேர ஐயருகிட்ட சொல்லவா, வேணாமா?"

ஹாஷிம் முப்பத்தைந்து வருடம் பட்டாளத்தில் இருந்தவர். ஷெல் விழுகிற இடத்தில் நின்று வரைபடம் வாசித்திருக்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் அவர் தவணைதான் கேட்டார்.

"விசாரிச்சுச் சொல்றேன் அம்மா. ரெண்டு நாள் தாங்க."

"விசாரிங்க சேர். நீங்க சொன்னா சரி." அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்தப் பட்டாளத்துல எங்க பாசையில பேசுனவரு நீங்க ஒருத்தருதானே."

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த சித்தி றலியா, கணவன் அதே இடத்தில் நிற்பதைக் கண்டாள்.

விசாரிப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை.

ஹாஷிமின் வாப்பாவுக்கு அக்குறணையில் புடவைக்கடை. மகன் பள்ளிக்கூட கெடெற் அணியில் தொப்பி போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டவர், அவன் தியத்தலாவைக்கு அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது மூன்று நாள் பேசவில்லை. "எங்கட ஆக்களுக்கு எதுக்குடா இந்த வேல?" என்று மட்டும் கேட்டார். அது எண்பத்திரண்டாம் ஆண்டு. அடுத்த வருடம் நாடு பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வர முடியாமல் போய்விட்டது, வரவும் அவன் விரும்பவில்லை. இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர் என்று ஒவ்வொரு படியாக ஏறினான். சகாக்களுக்கு ஒரு வருடம் பிடித்த இடத்தில் அவனுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. தமிழ் பேசுகிறவன் என்பதால் சில கதவுகள் அவனுக்கு மெதுவாகத் திறந்தன. அதே காரணத்தால் சில வேலைகள் அவனுக்கென்றே வந்தன. பிடிபட்ட கடிதங்களை வாசிப்பது, எதிர்ப்பக்கத்து வானொலியைக் கேட்பது, ஊர்ச்சனங்களிடம் பேசுவது.

தொண்ணூற்றெட்டில் சுதேஷ் அவருடைய படைப்பிரிவுக்கு வந்தான். வயது பத்தொன்பது. தகப்பன் அழகமுத்து கண்டி நகரத்தில் குப்பை வண்டியோடு ஓடிக் காசநோயில் செத்துப்போனவர். அவருடைய வேலை மகனுக்குக் கிடைத்திருக்கும். விளக்குமாறு பிடிக்க மாட்டேன் என்று மகன் பட்டாளத்துக்கு வந்துவிட்டான். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், சிங்களம் தண்ணீர்போல வரும். பெயரும் இரண்டு பாஷைக்கும் பொருந்துகிற பெயர். பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குக்கூட அவன் தமிழன் என்று பல மாதம் தெரியாது. ஹாஷிம்தான் பதிவுப் புத்தகத்தில் தாயின் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவனைக் கூப்பிட்டு வானொலிக் கருவியைக் கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும் தமிழ் பேசுவார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மஹியாவ சந்தியில் எந்தக் கடையில் வடை நல்லது, அக்குறணையில் வெள்ளம் வந்தால் எதுவரை வரும், இப்படி. ஒரு தரம் விடுமுறைக்கு வந்தபோது அவன் தன் தாயைக் கண்டி பஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்து காட்டினான். "இவருதாம்மா எங்க சேர்." வேலாயி அவரைக் கும்பிட்டாள். "பாத்துக்குங்க சேர்." பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரையில் வடக்கே அவர்கள் இருந்த முகாம் விழுந்தது. கடல்நீரேரி ஓரமாக உப்புவெளியில் நடந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. தலைக்கு மேலே வெயில், சுற்றிவர ஷெல், குடிநீர்க் கிணறுகள் எல்லாம் அந்தப் பக்கத்தின் கையில். மேஜர் ஹாஷிமின் பின்னால் நாற்பத்தொரு பேர் நடந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு ஷெல் துண்டு சுதேஷின் வயிற்றில் பாய்ந்தது. நான்கு பேர் அவனைத் தார்ப்பாயில் போட்டுத் தூக்கினார்கள். இரண்டு மணித்தியாலம் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் தாகத்தில் மயங்கி விழுந்தான், இன்னொருவனுக்குக் கண் இருண்டது. மற்றவர்கள் நிற்கத் தொடங்கினார்கள். நின்ற இடத்தில் எல்லாருக்கும் சாவுதான் என்று தெரிந்தது.

ஓர் உடைமரத்தின் கீழே, நிழல் என்று சொல்ல முடியாத நிழலில், அவனை இறக்கி வைக்கச் சொன்னார் ஹாஷிம்.

அதுவரைக்கும் சுதேஷ் சிங்களத்தில்தான் முனகிக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டான். ஹாஷிமின் போத்தலில் கால்வாசி இருந்தது. வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். அந்தப் பாடத்தை அவர் அப்போது இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் எழுந்து நின்றபோது, அவர் முகத்தைப் பார்த்து, இதுவரை மற்றவர்கள் முன்னால் பேசாத பாஷையில் அவன் பேசினான்.

"சேர், என்னய வுட்டுட்டுப் போறீங்களா?"

தூக்கி வந்த பையன்களில் ஒருவன் சிங்களத்தில் கேட்டான், "என்ன சொல்கிறான் சேர்?"

ஹாஷிம் சிங்களத்தில் பதில் சொன்னார். "போகச் சொல்கிறான்."

அவர்கள் அழுதார்கள். ஒருவன் குனிந்து சுதேஷின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு நடந்தார்கள். அரை மைல் தள்ளி, யாரும் பார்க்காதபோது, ஹாஷிம் போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்தார்.

முப்பத்தெட்டுப் பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். அறிக்கை எழுதும்போது, சடலத்தைக் கண்டீர்களா என்று கேட்டார்கள். காணவில்லை. அது உண்மைதான். அப்படியானால் 'காணாமல் போனவர்' என்று எழுத வேண்டும் என்றார்கள். எழுதினார், கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. காயப்பட்ட படைவீரன் தன்னை விட்டுவிட்டுப் போகுமாறு சகாக்களைக் கேட்டுக்கொண்டதாக பதக்கத்தோடு வந்த பாராட்டுரையிலேயே ஒரு வரி இருந்தது. ஒலிபெருக்கியில் அதை வாசித்தபோது மண்டபத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தப் பதக்கத்துக்குப் பிறகு கதவுகள் வேகமாகத் திறந்தன. லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர்.

வேலாயிக்கு மகனின் சம்பளம் மாதா மாதம் போனது. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம் என்று பல தடவை கடிதம் வந்தது. அவள் வாங்க மறுத்துவிட்டாள். "சேர் காணாமப் போயிட்டான்னுதான் சொன்னாரு. செத்துட்டான்னு சொல்லல."

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஹாஷிம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். திருமணமாகி முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவையாக. உடைமரம், தண்ணீர்ப் போத்தல், அந்தச் சிங்கள வார்த்தை, எதையும் விடவில்லை.

சித்தி றலியா மடியில் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அந்த மனிசிக்கு நான் எத்தின தரம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தீக்கிறேன்," என்றாள். "ஒவ்வொரு தரமும் 'அல்லா கிருபையால உங்கட மகன் வருவான்'னு சொல்லித்தான் அனுப்புவேன். நீங்க அந்தக் கதிரைல இருந்து கேட்டுக்கொண்டு இருப்பீங்க."

"என்ன செய்ய, றலியா?"

"இஞ்ச கூப்பிடாதீங்க. அந்த ஏத்தத்த அவங்க இன்னொருக்கா ஏறக் கூடாது. நீங்க போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க."

அமாவாசைக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மஹியாவக்குப் போனார். மாநகர சபைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவே, குறுகலான படிக்கட்டுகளில் இறங்க வேண்டும். அவர் அங்கே போனது அதுவே முதல் தடவை. வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. மற்றக் கதவுகளெல்லாம் பலகை நிறத்தில் வெளுத்துக் கிடக்க, ஒரு கதவு மட்டும் புது நீலமாக இருந்தது.

"அது நான் வருசா வருசம் பூசுறது," என்றாள் வேலாயி, அவர் கதவைப் பார்ப்பதைக் கண்டு. "அவன் போகயில நீலந்தான். வந்தா வீடு தெரியாம தட்டுக்கெட்டுப் போகக் கூடாதுல்ல."

மகள் புஷ்பம் கடுகண்ணாவையிலிருந்து வந்திருந்தாள். அங்கே அவளும் கணவனும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார்கள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் பல வருடமாகக் கேட்கிறாள். அம்மா இந்தக் கதவை விட்டு வர மாட்டேன் என்கிறாள். அவர் உட்காருவதற்குப் புஷ்பம் கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அம்மா, நான் யாருகிட்டயும் விசாரிக்கல," என்றார். "விசாரிக்க ஒன்னும் இல்ல. எனக்கே தெரியும். அன்னைக்கிலிருந்தே தெரியும்."

வேலாயி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"வயித்துல காயம். ரெண்டு மணித்தியாலம் தூக்கிக்கிட்டு வந்தோம். அதுக்கு மேல ஏலாமப் போச்சு. ஒரு மரத்துக்குக் கீழ வச்சிட்டு வந்தோம். வச்சிட்டு வாங்கன்னு சொன்னது நான்தான். வேற யாரும் இல்ல."

புஷ்பம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வச்சிட்டு வரயில," என்றாள் வேலாயி மெல்ல, "உசுரு இருந்திச்சா?"

"இருந்திச்சு."

அவள் ஒப்பாரி வைப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். எது வந்தாலும் நின்று வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் படி இறங்கியிருந்தார். ஆனால் வேலாயியின் முகத்தில் அதெல்லாம் இல்லை. அந்த முகம் மெதுவாக மலர்ந்தது. அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அப்ப, செத்தத நீங்க பாக்கல."

"அம்மா..."

"பாக்கலதானே சேர்? அவனுங்க வந்து தூக்கிக்கிட்டுப் போயிருப்பானுங்க. தமிழ்ப் பையன்னு தெரிஞ்சா மருந்து கட்டியிருப்பானுங்க. புஷ்பம், கேட்டியாடி? சேரே சொல்றாரு, உசுரு இருந்திருக்கு." அவளுக்கு மூச்சு இரைத்தது. அதைப் பொருட்படுத்தாமல் பேசினாள். "வெளிநாடு கிளிநாடு போயிருப்பான். வேற பேருல இருப்பான். பட்டாளத்துல இருந்தவன்னு பயந்துக்கிட்டு வராம இருக்கான். நல்லவேள, அமாவாசைக்கு முன்னால கேட்டேன். உசுரோட இருக்குற புள்ளைக்கு எள்ளுத்தண்ணி எறைக்கப் பாத்தேனே!"

"அம்மா, உக்காரு, உக்காரு," என்று புஷ்பம் அவள் தோளைப் பிடித்தாள். மகளின் கண்கள் ஹாஷிமைப் பார்த்தன. வெறுப்பைவிடக் கெஞ்சல்தான் அவற்றில் அதிகமாக இருந்தது.

ஹாஷிம் தான் செய்ததைக் கண்டார். இருபத்துநான்கு வருடம் பொத்தி வைத்த உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த உண்மைக்குள் ஒரு ஓட்டை இருந்தது. கிழவி அந்த ஓட்டை வழியே மகனை மறுபடி உயிரோடு இழுத்து எடுத்துவிட்டாள். இனி சாகும் வரைக்கும் இந்தக் கதவுக்கு நீலம் பூசுவாள். அவன் பெயரை யாரும் ஐயரிடம் சொல்லப் போவதில்லை.

"இல்லம்மா," என்றார். "நான் திரும்பிப் போனேன்."

வேலாயி அவர் பக்கம் திரும்பினாள்.

"மத்தவங்கள அனுப்பிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். அப்ப அவனுக்கு முடியிற நேரம். நான் பக்கத்துல இருக்கயிலதான் போனான்."

"நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

வேலாயி உட்கார்ந்தாள். கைகள் மடியில் விழுந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"கண்ணு?"

"நான்தான் மூடினேன் அம்மா."

"ஏதும் சொன்னானா?"

சுதேஷின் அந்தக் கேள்வி, அந்தத் தமிழ், ஹாஷிமின் காதில் அப்படியே நின்றது. "அம்மான்னு கூப்பிட்டான்," என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல் தொடங்கிய அழுகை மெல்ல மெல்ல ஏறி, பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடி வருகிற அளவுக்குப் பெரிதாயிற்று. இருபத்துநான்கு வருடத்து அழுகை அது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஹாஷிம் நீலக் கதவருகே ஒதுங்கி நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"ஏன் சேர் இத்தன வருசம் சொல்லல?"

"பயமா இருந்திச்சு அம்மா." இது பொய்யில்லை.

"எனக்கா பயந்தீங்க?" அவள் வியப்போடு பார்த்தாள். "ரோடு கூட்டுற பொம்பளைக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன். இவ கலியாணத்தையே அண்ணன் வரட்டும் வரட்டும்னு ஏழு வருசம் தள்ளிப் போட்டேன். பாவி நான்." பிறகு அவர் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஆனா திரும்பிப் போனீங்களே சேர். குண்டு மழையில எம்புள்ளைக்காகத் திரும்பிப் போனீங்களே. அது யாரு செய்வா? நீங்க நல்லா இருக்கணும்."

அந்தக் கைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு.

படிக்கட்டின் மேல்வரைக்கும் புஷ்பம் அவரோடு வந்தாள். தெருவுக்கு வந்ததும் நின்றாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண், அம்மாவின் அதே நெற்றி.

"சேர், நீங்க திரும்பிப் போனது நெசமா?"

கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "தெரியும். மொதல்ல சொன்னதும் அடுத்தாப்புல சொன்னதும் ஒரே மாதிரி வாயில வரல." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அம்மாகிட்ட இத மாத்திச் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு இது போதும். இதோட போகட்டும்."

"புஷ்பம், நான்..."

"எனக்கு ஒன்னும் சொல்ல வேணாம் சேர். எங்கண்ணன் தனியா கெடந்து செத்தான்னு அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அத நான் வச்சிக்கிறேன். நீங்க இனி எங்க வீட்டுக்கு வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் சித்தி றலியா கேட்டாள், "சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்கணும்னு சொன்னாங்க," என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படிப்பட்ட மனிசியா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நடந்ததை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் வேலாயி அயல்வீட்டுப் பையனின் போனிலிருந்து பேசினாள். சேர் கட்டாயம் வரணும், ஐயர் நேரம் கேட்பார், நேரம் தெரிந்தவர் நீங்கள்தானே என்றாள். புஷ்பத்தின் சொல்லை நினைத்து அவர் தயங்கினார். ஆனால் போனார்.

மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. கெட்டம்பே கரையில் கூட்டம். மருமகன் ஈரவேட்டியோடு தர்ப்பை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயர் அழகமுத்துவின் பெயரைச் சொல்லி முடித்து, இன்னும் யார் பெயராவது இருக்கிறதா என்று கேட்டார். வேலாயி மகனின் பெயரைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

"போன திகதி, நேரம்?"

வேலாயி திரும்பி, தள்ளி நின்றவரைப் பார்த்தாள். "சொல்லுங்க சேர்."

அவனை விட்டுவிட்டு வந்த நேரம் அவருக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார். பதினொன்று பத்து. ஆனால் அவன் போன நேரம்? அரைமணி கழித்தா, பொழுது சாய்ந்தா, மறுநாளா? வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தான்? இதைத்தான் அவர் இத்தனை வருடமும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தார், விடை வந்ததே இல்லை.

"பகல் பதினொன்னரை," என்றார்.

ஐயர் அதைத் திருப்பிச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். எள்ளும் தண்ணீரும் மருமகனின் விரல் வழியே ஆற்றில் விழுந்தன. புஷ்பம் ஒரு தரமும் ஹாஷிமின் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த மாதமே வேலாயி மஹியாவ வீட்டைப் பூட்டிச் சாவியை மாநகர சபையில் கொடுத்துவிட்டுக் கடுகண்ணாவைக்கு மகளோடு போனாள். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டு எடுத்தாள். அந்த வருடம் நினைவுத்தூபி வைபவத்துக்கு மூத்த அதிகாரி என்ற முறையில் ஹாஷிமுக்கு மலர்வளையம் வைக்க அழைப்பு வந்தது. உடம்புக்கு முடியாது என்று எழுதி அனுப்பினார். இரண்டு தரம் தன் படைப்பிரிவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்தப் பாராட்டுரையில் இருக்கும் ஒரு வரி பிழை என்று எழுத வேண்டும். முதல் தரம் இரண்டு பந்தி எழுதினார். அதை அனுப்பினால் விசாரிக்க ஆள் வருவார்கள், விசாரணை கடுகண்ணாவைக்கும் போகும், கிழவியின் காதுக்கும் எட்டும். இரண்டு தரமும் கிழித்துப்போட்டார். அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவரே முழுதாக நம்பவில்லை.

தை மாதம் பொங்கலுக்கு நாலு நாள் முந்திப் புஷ்பத்தின் கணவன் பேசினான். "சேர், மாமி போயிட்டாங்க. காலையில எழும்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு மொதல்லயே சொல்லி வச்சிருந்தாங்க."

ஹாஷிம் போனார். கடுகண்ணாவையில் வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ரயில் நிலையத்து ஆட்களும் மஹியாவயிலிருந்து பஸ் பிடித்து வந்த பழைய அயலவர்களுமாக ஐம்பது அறுபது பேர். அவர் பந்தலின் கடைசியில் ஒதுங்கி நிற்கத்தான் நினைத்தார். மஹியாவக்காரர் ஒருவர் அவரைக் கண்டுகொண்டார்.

"அந்தா, சேர் வந்துட்டாரு. வழி வுடுங்கப்பா, வழி வுடுங்க."

சனம் விலகியது. யாரோ ஒரு கதிரையைத் தூக்கிவந்து சவத்துக்குப் பக்கத்தில், நெருங்கிய உறவுக்காரர் இருக்கும் இடத்தில் போட்டார்கள்.

"இவருதான் அவரு," என்று அந்த மஹியாவக்காரர் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னார். "அந்தப் பையன மடியில போட்டுக்கிட்டுக் கடைசிச் சொட்டுத் தண்ணிய வாயில ஊத்துன பிரிகேடியர். தான் குடிக்காம வச்சிருந்த தண்ணி. மாமி சொல்லிச் சொல்லி அழும். சண்டைய நிப்பாட்டிட்டுத் திரும்பிப் போனாராமே."

"அப்பிடியா?" என்றது ஒரு குரல். "இந்தக் காலத்துல யாரு செய்வா?"

ஒரு கிழவர் வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். ஹாஷிம் சொல்ல வாயெடுத்தார். வேலாயியின் முகம் அவருக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. நெற்றியில் திருநீறு, தாடைக்கு வெள்ளைத் துணிக் கட்டு, ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூங்குகிறவளின் முகம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த புஷ்பம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழுது வீங்கிய கண்களால் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பால் விடாத ஒரு கோப்பை பிளேன்ரீயோடு திரும்பி வந்து, அவரிடம் நீட்டினாள்.

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளாலும் அதை வாங்கினார்.